கடைசியில் வாங்க வேண்டிய பொருள்

(திருப்பூரில் பழைய கார் ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் நீலக் காண்டசா காரை எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். அதன் சொந்தக்காரத் தம்பி இங்கே செக்கிங், பேக்கிங் யூனிட் நடத்துகிறார். போன வாரம் கோவையில் என் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. "அண்ணா, டர்போ வாங்கியாச்சுங்க. பெருசாவே வாங்கிட்டேன். ஏத்திக் குடுத்தீங்கன்னா போதுமுங்க" என்றார்.

பெட்டியை நான் பிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "இந்த வண்டியில எங்க கண்ணு போகப் போறே?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். சாயங்காலம் பெருமாநல்லூர் வரைக்கும் ஒரு ரவுண்டு. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு பழனி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலைப்பாதை. எப்போதாவது செட்டிபாளையம் ஓடுதளம். இந்த நான்கைத்தான் சொன்னார். இன்றைய பேச்சு முழுவதும் அந்த நான்கு ஊர்களுக்குள்தான் இருக்கிறது. அவர் சொன்ன பயணங்களில் ஒன்றுக்குக்கூட அந்தப் பெரிய டர்போ உதவாது.

பின்னலாடைத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். பையர் ஆர்டர் கொடுக்கிறார். நீங்கள் முதலில் நூல் வாங்கவா ஓடுகிறீர்கள்? என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம், எந்த ஊரில் எந்தப் பருவத்தில் போடப்போகிற உடுப்பு என்று கேட்கிறீர்கள். அதிலிருந்து கவுண்ட் வருகிறது, கேஜ் வருகிறது, டயா வருகிறது. 24 கேஜ் மெஷினில் 30ஸ் நூல் ஓடும். அதே மெஷினில் தடித்த 10ஸ் நூலைக் கொடுத்தால் ஊசி போய்விடும். 10ஸ் நூல் மட்டமான நூல் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்த மெஷினுக்கு அது ஆகாது, அவ்வளவுதான். கார் பாகங்களும் இப்படித்தான். தனியாக எடுத்துப் பார்த்து நல்ல பாகம், கெட்ட பாகம் என்று சொல்லவே முடியாது.

முதலில் காண்டசா எப்படிப்பட்ட வண்டி என்று பார்ப்போம். நம் ஊரில் 'மசில் கார்' என்றால் எல்லோரும் காண்டசாவைத்தான் காட்டுவார்கள். அமெரிக்காவில் அந்த வகைக்குப் பிறந்த வருடம் 1964 என்பார்கள். போண்டியாக் ஜிடிஓ அப்போதுதான் வந்தது. நடுத்தர உடம்புக்குள் பெரிய வி8 எஞ்சின் என்பதுதான் அதன் சூத்திரம். காண்டசாவின் கதை தலைகீழ். பெரிய உடம்புக்குள் சின்ன எஞ்சின். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் அச்சுகளை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் காண்டசாவைக் கொண்டுவந்தது. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பின்சக்கர இழுவை எல்லாம் இருந்தன. மூடியைத் திறந்தால் உள்ளே அம்பாசடர் வம்சத்து 1,489 சிசி எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். பின்னால் இசுசுவின் 1,817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோது அது 88க்கு ஏறியது. அப்போதுதான் அந்த உடம்புக்கு உயிர் வந்தது. 2002ல் உற்பத்தி நின்றது. கொங்கு நாட்டில் எத்தனையோ மில் வீட்டுப் போர்ட்டிகோக்களில் அது நின்றதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பேரன்கள்தான் இன்று டர்போ பெட்டியோடு வருகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய இரும்புக்குப் போகவேண்டிய வண்டி இன்னொரு தலைமுறைக்கு ஓடுகிறது.

ஆனால் காண்டசாவை விடவும் எனக்கு மனம் கனக்கிற கதை ஒன்று சென்னையில் நடந்தது. அதற்கு 1962லிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்றொரு கார் விட்டது. சாலையில் ஓடும் கார்களில் டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் இரண்டில் அது ஒன்று. இன்னொன்று செவ்ரோலே கார்வேர். டர்போ என்ற எண்ணம் அப்போதே பழையது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கழிவுப்புகையின் விசையால் ஒரு காற்றாடியைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் காற்றாடியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவதுதான் அது. ஜெட்ஃபயரில் இருந்தது மூன்றரை லிட்டர் அலுமினிய வி8. கன அங்குலக் கணக்கில் 215. அதிலிருந்து எடுத்ததும் 215 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை.

தவறு எங்கே வந்தது? அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25. டர்போ வைத்த பிறகும் அதைக் குறைக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இறுக்கமாக அமுக்குகிற எஞ்சினுக்கு வெளியிலிருந்தும் அமுக்கிய காற்றைக் கொடுத்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். எஞ்சின் தட்டுகிறது என்கிறோமே, அதுதான். அதைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் கூடவே பீய்ச்சினார்கள். அதற்கென்று தனித் தொட்டி. ஓட்டுபவர்தான் பார்த்து நிரப்ப வேண்டும். மக்கள் நிரப்பவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தினமும் வேலைக்குப் போகிற மனிதரிடம் ஆய்வுக்கூட ஒழுக்கத்தை எதிர்பார்த்த வடிவமைப்பு அது. இரண்டு வருடத்தில் கார் நின்றுபோனது. பல வண்டிகளில் டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக்கொண்டார்கள்.

அந்த அலுமினிய எஞ்சின் குடும்பமே வேண்டாம் என்று அமெரிக்கா முடிவு செய்தபோது, அதன் பியூக் வடிவத்தின் உரிமையை இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. டர்போ இல்லாமல், அமைதியாக, பல பத்தாண்டுகள் ரோவர் கார்களை அது இழுத்தது. 1976ல் வந்த ரோவர் எஸ்டி1 என்ற அழகான காரின் மூக்குக்குள்ளும் அதுதான் இருந்தது. பிறகு அந்த எஸ்டி1ன் உடம்பு நம் சென்னைக்கு வந்தது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985ல் அதை 'ஸ்டாண்டர்டு 2000' என்று வெளியிட்டது. உடம்பு வந்தது, எஞ்சின் வரவில்லை. வி8 இருக்க வேண்டிய இடத்தில் பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து வம்சத்தில் வந்த இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். 83 குதிரைத்திறன்போல. விலை அதிகம், வேகம் குறைவு, பெட்ரோல் தாகம் வேறு. மூன்று வருடத்தில் உற்பத்தி நின்றது.

ஒரே எஞ்சின் குடும்பத்தின் வரலாற்றில் இரண்டு விபத்துகள் இவை. அமெரிக்காவில் எஞ்சினுக்குப் பொருந்தாத டர்போ. சென்னையில் உடம்புக்குப் பொருந்தாத எஞ்சின். இரண்டு இடத்திலும் வேலை பார்த்தவர்கள் திறமையானவர்கள். பாகங்களும் மட்டமானவை இல்லை. நம் பட்டறைகளில் இன்றைக்கும் இதே இரண்டு தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சரி, நீலக் காண்டசாவுக்கு வருவோம். இசுசு 1.8 எஞ்சின். கணக்கை உங்கள் முன்னாலேயே போடுகிறேன். ஏனென்றால் இந்தக் கணக்கு தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1.817 லிட்டர், நிமிடத்துக்கு 5,500 சுற்று. பாதியாக்கிப் பெருக்கினால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5,000 லிட்டர். வால்வு, குழாய் எல்லாம் தடுப்பதால் ஐந்தில் நான்கு பங்குதான் உண்மையில் உள்ளே போகும். 4,000 லிட்டர், அதாவது நான்கு கனமீட்டர். சித்திரை வெயிலில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.1 கிலோவை ஒட்டி இருக்கும். ஆக நிமிடத்துக்கு நாலரைக் கிலோ காற்று. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று என்றால் தோராயமாக 20 குதிரைத்திறன் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. தொண்ணூறு வருகிறது. கம்பெனி சொன்ன 88க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கணக்கு பொய் சொல்லவில்லை.

இப்போது அரை பார் அழுத்தம் கொடுக்கிறோம். வெளிக்காற்றின் ஒன்றரை மடங்கு. அப்படியானால் சக்தியும் ஒன்றரை மடங்காகுமா? ஆகாது. உங்கள் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ரூம் இருக்கிறதல்லவா? கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் பைப்பில் கை வைத்துப் பாருங்கள். அமுக்கினால் காற்று சூடாகும். வெளியே 40 டிகிரி இருக்கும் மதியத்தில், அரை பார் அமுக்கிய காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்த காற்று. அதை அப்படியே எஞ்சினுக்குக் கொடுத்தால் ஒன்றரை மடங்கு கிடைக்காது, ஒன்றேகால் மடங்குதான் கிடைக்கும். கூடவே எஞ்சின் தட்டுகிற ஆபத்தும் வரும். நடுவில் ஒரு நல்ல இன்டர்கூலர் வைத்தால் 60 டிகிரிக்கு இறக்கலாம். அப்போது 1.4 மடங்கை நெருங்கும். அதாவது 120 குதிரைத்திறன்.

"அவ்வளவுதானுங்களா?" என்று அந்தத் தம்பி முகம் வாடினார். 120 என்பது இன்டர்நெட்டில் வருகிற வீடியோக்களுக்கு முன்னால் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் காண்டசா பிறந்தபோது 50 குதிரையோடு பிறந்தது. அதன் ஷாசி, பின் ஆக்ஸில், பிரேக் எல்லாம் அந்தக் காலத்து வேலை. குன்னூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில், 2,000 சுற்றிலேயே முதுகைப் பிடித்துத் தள்ளுகிற 120தான் உங்களுக்கு வேண்டியது. 5,000 சுற்றுக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் 250 அந்த மலையில் ஒருமுறைகூட விழிக்காது.

120 குதிரைக்கு எந்த டர்போ? இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 1.8 லிட்டர் எஞ்சின் என்பதால் அதைவிடப் பெரிய எஞ்சினிலிருந்து கழற்றிய டர்போவைத் தேடுகிறார்கள். டர்போவுக்கு லிட்டர் தெரியாது. எத்தனை கிலோ காற்று என்பது மட்டும்தான் தெரியும். அந்தக் காற்றின் அளவை, அது முன்பு இருந்த வண்டியின் குதிரைத்திறன் சொல்லிவிடும். 2018ல் டாடா நிறுவனமும் நம் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்றொரு சின்ன வேகக்கார் விட்டது நினைவிருக்கும். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல். 114 பிஎஸ். அந்த வகுப்பு டர்போ போதும் நம் காண்டசாவுக்கு. 1.2 லிட்டர் எஞ்சினின் டர்போ 1.8க்குப் போதுமா என்று கேட்பீர்கள். போதும். அது ஊதிப் பழகியது ஏறக்குறைய அதே அளவு காற்றைத்தான். சின்னச் சக்கரம் என்பதால் சீக்கிரம் சுற்றும், மலையில் உடனே பதில் சொல்லும்.

டீசல் வண்டியிலிருந்து கழற்றிய டர்போ மலிவாகக் கிடைக்கும். கோவை உக்கடம் பக்கம் பழைய பாகக் கடைகளில் எடை போட்டு வாங்குகிற மாதிரி வாங்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. டீசலின் கழிவுப்புகை 800 டிகிரியைச் சற்றுத் தாண்டும். பெட்ரோலின் புகை முழு பாரத்தில் 950ஐத் தாண்டிவிடும். அந்த 150 டிகிரி வித்தியாசத்தில் ஹவுசிங் வெடிப்பு விடும். உள்ளே இறக்கை அசையும் வகை டீசல் டர்போ என்றால் இன்னும் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். டையிங்கில் இருப்பவர்களுக்கு இது புரியும். 90 டிகிரிக்கு வடிவமைத்த பாத்திரத்தில் 130 டிகிரி வேலை செய்ய முடியுமா?

டர்போவின் தண்டு ஓடுகிற வேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நூற்பாலை ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுப்போல ஓடும். பல்லடம், மங்கலம் பக்கத்து ஓ.இ. மில்லில் ரோட்டார் ஒரு லட்சத்தைத் தொடும். சின்ன டர்போவின் தண்டு இரண்டு லட்சம் சுற்று ஓடுகிறது, அதுவும் ஒருபக்கம் நெருப்பில் நின்றுகொண்டு. பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். ஆகவே டர்போவை வாங்குவதற்கு முன் உங்கள் எஞ்சினின் ஆயில் பிரஷரைப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் ஓடிய ஆயில் பம்ப், சூடான பிறகு ஐட்லிங்கில் எவ்வளவு தருகிறது? அது தடுமாறினால் புது டர்போ ஒரு மாதம் தாங்காது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பிவரும் குழாய் பெரிதாக, மடிப்பில்லாமல், கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நீர் போலத் தானாக வடிய வேண்டிய எண்ணெய் அது. இந்தக் குழாயை ஏற்றி இறக்கி வளைத்துவிட்டு, சைலன்சரில் நீலப்புகை வருகிறது, டர்போ சீல் போய்விட்டது என்று திரும்பத் திரும்ப டர்போ மாற்றியவர்களை எனக்குத் தெரியும். நானே என் முதல் வண்டியில் இந்தத் தவறைச் செய்து, நல்ல டர்போ ஒன்றைக் குப்பையில் போட்டேன். இரண்டாவதும் புகைந்த பிறகுதான் குழாயைப் பார்த்தேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

எஞ்சினுக்குள் என்ன மாற்ற வேண்டும்? அரை பாருக்கு அதிகம் ஒன்றுமில்லை. பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. மட்டமான பெட்ரோலுக்காக அன்றைக்கு அப்படி வைத்தது இன்றைக்கு டர்போவுக்கு வரமாக நிற்கிறது. ஜெட்ஃபயருக்கு இருந்த துன்பம் நமக்கு இல்லை. ஆனால் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் முதலில் போர் பார்த்து, பிஸ்டன் ரிங் மாற்றி வாருங்கள். ஹெட்டின் முகத்தை மட்டம் தட்டி, நல்ல கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். நம் வட்டாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. பம்ப்செட்டுக்காக வளர்ந்த கணபதி, பீளமேடு பட்டறைகளில் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கண்ணாலேயே சொல்லும் கடைசல்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்காரர்கள் இதைச் சாபம் என்கிறார்கள். பாதிதான் சரி. எத்தனால் எளிதில் தட்டாது, ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும். டர்போவுக்கு அது நண்பன். ஆனால் 1980களின் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் டயஃபிரம், ஃப்யூயல் பம்ப் வாஷர் இவற்றை அது அரித்துவிடும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை இழுத்து டேங்க் துருப்பிடிக்கும். அதோடு, எத்தனால் கலக்காத பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலந்த பெட்ரோலுக்கு 13.5 பங்கு காற்றுதான். கார்புரேட்டரில் பழைய ஜெட்டையே வைத்து ஓட்டினால் கலவை மெலிந்துபோகும். சாதாரண எஞ்சினில் மெலிந்த கலவை என்றால் இழுவை குறையும். டர்போ எஞ்சினில் பிஸ்டன் உருகும்.

ஆகவே கார்புரேட்டருக்கு இந்த வேலையில் ஓய்வு கொடுத்துவிடலாம் என்பது என் துணிபு. கார்புரேட்டரோடு டர்போ ஓட்டியவர்கள் உண்டு. அவர்கள் கையில் கலை இருந்தது. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இன்ஜெக்டரும், அதை ஆளும் சின்னக் கம்ப்யூட்டரும், சைலன்சரில் ஆக்சிஜன் அளக்கும் நல்ல சென்சாரும் வேண்டும். 120 குதிரைக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 250, 260 சிசி கொடுத்தால் போதும். 500 சிசி வாங்கிப் போட்டால் ஐட்லிங்கில் வண்டி இருமும். பெரிதாக வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு உதவும் என்ற எண்ணம்தான் இந்த வேலையில் எத்தனையோ வண்டிகளை அரைகுறையாக ஷெட்டில் நிறுத்தியிருக்கிறது.

நம் ஊருக்கென்றே ஒரு எதிரி உண்டு. அது தண்ணீர். திருப்பூர், காங்கேயம், பல்லடம் போர்வெல் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பாய்லரில் மென்னீர் இல்லாவிட்டால் டியூபில் எப்படிக் காரை கட்டும் என்று தினமும் பார்க்கிறீர்கள். அதே முதலாளி தன் காண்டசா ரேடியேட்டரில் பைப்பைத் திறந்து விடுகிறார். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் நீர்வழியில் முப்பது வருடக் காரை. மேலே டெம்பரேச்சர் முள் சரியாகவே காட்டும், உள்ளே நாலாவது சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும். டர்போ வைக்கும் முன் பிளாக்கையும் ரேடியேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். கலந்தே வரும் கூலன்ட்டை ஊற்றுங்கள். இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பதால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். அதை ஈடுகட்டும் விசிறியை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பிரேக், டயர். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. குன்னூர் இறக்கத்தில் பிரேக் சூடாகி மிதி தரையைத் தொட்டால் டர்போ காப்பாற்றாது. டிஸ்க், டிரம், சிலிண்டர், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் முதலில் புதிதாக வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014ம் வருடம் 23வது வாரம். பள்ளம் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அந்த டயர் கிழடு. கழற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட், பிராப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், கிரவுன் பினியன் மூன்றையும் ஒரு நாள் கீழே படுத்துப் பாருங்கள். கூடுதல் முறுக்குவிசை போகும் வழியில் எது பலவீனமோ அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான குதிரைத்திறன்.

இந்த இடத்தில் ஒரு மனிதரை நினைக்காமல் இந்த வட்டாரத்தில் யாரும் கார் பாகங்களைப் பற்றிப் பேசக்கூடாது. எஸ். கரிவரதன். கோவை லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஓட்டியவர், கட்டியவர். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்கியிருக்கலாம். ஆனால் ஒற்றை இருக்கைப் பந்தயக்கார் கட்ட உட்கார்ந்தபோது அவர் எடுத்தது மாருதி 800ன் 796 சிசி எஞ்சினையும் கியர்பாக்ஸையும். ஏன்? அதன் பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். உடைந்தால் அடுத்த வாரமே ஓடலாம். அந்த ஃபார்முலா மாருதி கார்களில்தான் இந்தியாவின் ஒரு தலைமுறை பந்தயம் பழகியது. 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நம் கோவை நரேன் கார்த்திகேயனும் அந்த வகைக் காரில்தான் தொடங்கினார். கரிவரதன் 1995ல் சிறுவிமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் ஓடுதளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அடுத்த முறை அங்கே போகும்போது அந்தப் பெயர்ப்பலகைக்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாகம் பொறுக்குவதில் அவருக்கு இருந்த அடக்கம் எனக்கு இன்றும் வியப்பு. பணம் இருந்தும் கிடைப்பதைக் கொண்டு கட்டினார். நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கு ஒன்றை மாட்டினார்.

உங்கள் காண்டசாவுக்கும் அதே கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அரிய டர்போவின் சீல் போனால், உதிரி வரும்வரை மூன்று மாதம் வண்டி நிற்கும். இந்தியாவில் ஓடும் பெட்ரோல் காரின் டர்போ என்றால் அவிநாசி ரோட்டிலேயே கிடைத்துவிடும்.

சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள். மறைத்த வண்டியில் விபத்து நடந்தால் எதிரே வந்தவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அனுமதி கிடைக்காவிட்டால் அந்த எஞ்சினை ஓடுதளத்துக்கென்று வைத்துக்கொண்டு, வண்டியை லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கொண்டுபோங்கள். சாலைக்கு, கம்பெனி கொடுத்தபடியே நன்றாகப் புதுப்பித்த 1.8 போதும். நல்ல பிரேக்கும் புது டயரும் போட்டு, நீர்வழிக் காரையெல்லாம் எடுத்த காண்டசாவை ஓட்டிப் பார்த்த இரண்டு பேர் டர்போ எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். அதுவும் ஒரு நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

நீலக் காண்டசாத் தம்பி முன்வரிசையில்தான் இருக்கிறார். அந்த அட்டைப்பெட்டி இன்னும் என் மேசைக்கு அடியில் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறாரா என்று பார்ப்போம். இப்போது மணி ஆறரை. வேப்பமரத்தடியில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. கம்ப்ரஷன் கேஜையும் பிளக் ஸ்பேனரையும் கொண்டுவந்திருக்கிறேன். தம்பி, சாவியை எடுத்துக்கொண்டு வா. நாலு சிலிண்டரையும் பார்த்துவிடலாம். விருப்பமுள்ளவர்கள் கூட வாருங்கள்.